சூடு ஆறாத கட்டில்

என் கணவர் ஹின்ரிக் போரின்போது நீர்மூழ்கிக் கப்பலில் இருந்தவர். அதில் இரண்டு பேருக்கு ஒரே படுக்கைதான். ஒருவர் வேலை முடிந்து வந்தால் மற்றவர் எழுந்து போவார். இவருடைய ஜோடி ஏவால்ட். "அந்தப் பயலோட சூட்டுல படுத்தாத்தான் எனக்குத் தூக்கமே வரும்" என்பார்.

பிறகு ஏவால்ட்டை வேறு நீர்மூழ்கிக்கு மாற்றிவிட்டார்கள். எதிரிக் கப்பல்களை முதலில் பார்க்கும் நீர்மூழ்கி தனியாகத் தாக்காது. பின்னாலேயே போய், மற்ற நீர்மூழ்கிகளை வானொலியில் கூப்பிடும். ஒருமுறை ஏவால்ட்டுடையது கூப்பிட்டது. இவர்கள் போய்ச் சேர்ந்தபோது அது அங்கே இல்லை; அப்புறம் கரைக்கும் திரும்பவில்லை.

கீல் நகரத்து வீட்டில், பின்னறைக் கட்டிலில்தான் ஹின்ரிக் மதியம் தூங்குவார். பனி கொட்டும் நாளிலும் அவர் படுக்கப்போகும்போது அது சூடாக இருக்கும். முதல் தடவை நான் பயந்துபோனேன்.

"யாருங்க இதுல படுத்திருந்தது?"

"அவன்தான். எந்திரிச்சுப் போயிட்டான், இப்ப என் முறை" என்று சிரித்தார்.

யாரும் எழுப்பாமலே எழுந்தும்விடுவார். "பாவம், நின்னுக்கிட்டு இருப்பான்."

போன மாதம் அவரை அடக்கம் செய்தோம்.

"அந்தக் கட்டில் சும்மா இடத்தை அடைச்சுக்கிட்டு நிக்குது, யாருக்காவது குடுத்துடலாம்மா" என்றாள் மகள் ஆன்ட்யே.

"தொட்டுப் பாருடி."

தொட்டவள் அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

முன்பு மதியத்தில் மட்டும்தான் சூடு. இப்போது காலையில் தொட்டாலும் சூடு, சாயங்காலம் தொட்டாலும் சூடு. ஆறுவதே இல்லை. விரிப்பு மாற்றுவதை மட்டும் சட்டென்று முடித்துவிடுகிறேன். ஒருவர் எழுந்து மற்றவர் படுப்பதற்குள் முடிக்க வேண்டுமே.