லொரெய்ன் வளர்த்த கொசுக்கள்

"நீங்க யார் பக்கம் லொரெய்ன்? நம்ம பக்கமா, கொசு பக்கமா?"

வெண்டல் கேட்டதில் பாதி கிண்டல், பாதி எரிச்சல். நாற்பதாவது மருந்தும் தோற்றுவிட்டது. மருந்துத் தண்ணீரில் விட்ட புழுக்களெல்லாம் கொசுவாகி ஜம்மென்று பறந்துகொண்டிருந்தன.

'நீ இன்னும் குழந்தைதான்' என்று புழுவின் உடம்புக்குள் ஒரு ஹார்மோன் சொல்லிக்கொண்டே இருக்கும். அது ஓய்ந்தால்தான் புழு கொசுவாகும். அதை ஓயவிடாத போலி ஹார்மோன் ஒன்றைச் செய்யத்தான், கலிபோர்னியாவின் அந்த ஆய்வகத்தில் மூன்று வருடமாக வெண்டல் மல்லுக்கட்டுகிறான். ஜூலைக்குள் பலிக்காவிட்டால் இழுத்து மூடிவிடுவதாக இயக்குநர் சொல்லிவிட்டார்.

சோதனைக்குக் கொசு வளர்ப்பவள் லொரெய்ன். வெயில் கொளுத்தும் ஜூனிலும் முழுக்கை ஸ்வெட்டர் போட்டிருப்பாள்.

"ஈரல் பொடியும் ஈஸ்ட்டும் போட்டு, புழுவைப் பயில்வானா வளர்க்கிறீங்க. தீனியைக் கொஞ்சம் குறைச்சா என்ன?"

"பட்டினி போட்டா தானாவே சாகும். அப்புறம் உங்க மருந்து எதுக்கு டாக்டர்?"

"மூடிட்டா உங்க வேலையும் போகும்."

"போகட்டும்."

சரியான கல்நெஞ்சுக்காரி என்று வெண்டல் மனதுக்குள் திட்டிக்கொண்டான்.

மூலக்கூறின் வாலை இன்னும் கொஞ்சம் நறுக்கிப் பார்த்தான். நாற்பத்தொன்றாவது பலித்தது. இருநூறு புழுக்களில் ஒன்றுகூடப் பறக்கவில்லை.

இயக்குநர் கேக் வெட்டினார். எல்லோரும் வெண்டலின் முதுகில் தட்டிக்கொடுத்தார்கள். லொரெய்னை மட்டும் காணோம்.

பொறாமையாக இருக்கும். ஒரு துண்டு கேக்கை எடுத்துக்கொண்டு கொசு அறைக்குப் போனான், குத்திக்காட்டத்தான்.

"உங்க செல்லப்பிள்ளைங்க தோத்துட்டாங்க போல..."

லொரெய்ன் ஸ்வெட்டர் கையைச் சுருட்டிவிட்டு, வெறுங்கையைக் கொசுக் கூண்டுக்குள் நீட்டியிருந்தாள். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தடிப்பு தடிப்பாக, புதுசும் பழசுமாய்க் கடிகள்.

"முயல் ரத்தம்தானே கொடுப்பீங்க? முயல் எங்கே?"

"முயல் வேணாம், அந்தக் காசுல டாக்டருக்கு ரசாயனம் வாங்கிக் கொடுங்கன்னு பிப்ரவரியிலயே இயக்குநர்கிட்ட சொல்லிட்டேன். ரத்தம் குடிக்காம இதுங்க முட்டை வைக்காதே."

வெண்டலுக்குக் கேக்கை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"நான் போய் உங்ககிட்ட தீனியைக் குறைக்கச் சொன்னேன்..."

"அதை விடுங்க. தலை நிமிர்ந்து போய்ச் சொல்லுங்க டாக்டர், உங்க மருந்து நோஞ்சானுங்களை ஜெயிக்கலைன்னு. அது ஜெயிச்சது என் ரத்தத்துல பொறந்ததுங்களை."