இடுப்பளவு தண்ணீர்

நாலு வயதில் கிணற்றில் விழுந்து, கயிற்றைப் பிடித்துக்கொண்டு தானே மேலே ஏறி வந்தவள் வெண்ணிலா. அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லியே பேங்க் வேலையை உதறினாள், நீச்சல் ஆசிரியை ஆனாள். நேற்று வீட்டுக்கு வந்திருந்த பெரியண்ணன் காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

“விழுந்தது நீ இல்லம்மா, உங்கக்கா குமுதா. தீபாவளிக்கு ரெண்டு பேருக்கும் ஒரே துணியில பாவாடை. பார்த்தவங்க மாத்திச் சொல்லிட்டாங்க. நீ மேல நின்னு அழுதுட்டிருந்தே. இத்தனை வருஷம் சொல்ல மனசு வரல.”

குமுதா இன்றும் ஆற்றில் கால் நனைக்க மாட்டாள்.

இன்று காலை, நீச்சல் குளத்து விளிம்பில் புது வகுப்புக் குழந்தைகள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். “மிஸ், அந்தக் கிணத்துக் கதை சொல்லுங்க!”

தண்ணீரில் நின்றிருந்த வெண்ணிலா வாயைத் திறந்தாள். தண்ணீர் இடுப்பளவுதான். அவள் கை மட்டும் பின்னால் போய்க் கைப்பிடிக் கம்பியைத் தேடிக்கொண்டிருந்தது.