கண்ணில் படாத கட்டடம்

"அந்தா தெரியுதுல்ல!" குருநாதன் துள்ளி எழுந்ததில் வள்ளம் ஓர் ஆட்டம் ஆடியது.

"உக்காருங்கய்யா. இது கடலு, உங்க ஊரு கம்மா இல்ல," என்றார் வள்ளக்காரர் சகாயம்.

ஆர்.எஸ்.மங்கலத்துக் குருநாதன்தான் கடல் அருங்காட்சியகக் குழுவின் தலைவர். பாம்பன் கரையில் மணல்மேடு போலவே அந்த அருங்காட்சியகத்தைக் கட்டி முடித்திருந்தாள், வள்ளத்தில் அவர் எதிரே உட்கார்ந்திருந்த கட்டடக் கலைஞர் ஜோஸ்லின். வரைபடத்தில் பார்த்ததோடு சரி, கட்டியபின் அவர் இன்றைக்குத்தான் வருகிறார்.

கடலிலிருந்து பார்த்தால் கட்டடம் என்று தெரியக் கூடாது. தெரிந்தால் கூரையை இடித்துவிட்டுத் திரும்பக் கட்ட வேண்டும். அதுதான் ஒப்பந்தம். இரண்டு வருட உழைப்பு இந்த ஒரு பார்வையில் தொங்கிக்கொண்டிருந்தது.

கரையில் இரண்டே மேடுகள். சகாயம் வள்ளத்தின் மூக்கை இடப்பக்கத்து மேட்டுக்கு நேராகப் பிடித்தார்.

"கொஞ்சம் விலகுனாலும் பாறை கிழிச்சிரும். எங்க அய்யா காலத்துல இருந்து பிடிக்கிற வழி இது."

குருநாதன் காதில் அது விழவே இல்லை. அவருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

"மூக்குக்கு நேரா நிக்கிதே, அதானே தாயி? முதுகப் பாரு, கொத்தனாரு மட்டப்பலகை வச்சு இழுத்தாப்புல! எந்த மண்ணு இம்புட்டு வழவழன்னு வளையும்?"

ஜோஸ்லின் மெல்லக் கேட்டாள். "நல்லாப் பாத்துட்டீங்களாய்யா?"

"என் கண்ணுக்கா தப்பும்? வயக்காட்டுல வரப்பு ஒரு விரக்கடை நகந்தாலே கண்டுபிடிச்சிருவேன்!" அவர் வலப்பக்கம் கையை நீட்டினார். "மேடுன்னா அது மேடு! கொடி படர்ந்து கெடக்கு, மேல ஆடு மேயுது. அதப் பாத்தாவது நீ கட்டியிருக்கலாம்ல?"

ஜோஸ்லின் துப்பட்டாவை வாயில் அழுத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. கண்ணில் நீர் முட்டியது.

குருநாதனுக்கு மனசு கரைந்துபோனது. "அழுவாத தாயி. என்ன செய்ய, பட்டுன்னு தெரியுதே. அந்த இடது மேட்ட இடிக்கணும்னு எழுதிரவா?"

சகாயம் எஞ்சினை நிறுத்தினார். அவருக்கும் அதற்கு மேல் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"அய்யா, அந்த மேட்ட ஆண்டவருல்ல கட்டுனாரு!"