தபாலில் சேராத மனு

"ஒரே ஒரு காகிதம் போதும்க்கா. பாலம் ஆடுதுன்னு யாராவது முன்னாடியே எழுதிக் கொடுத்திருக்கணும். அது மட்டும் கையில இருந்தா நாளைக்குக் கோர்ட்டுல நகராட்சியால வாயே திறக்க முடியாது," என்றாள் வக்கீல்.

தையல்காரி மடியில் இருந்த துணிப்பையின் காதை முறுக்கிக்கொண்டிருந்தாள். வழக்கு நம்பர் எழுதிக் கொடுத்த சீட்டை இன்று மூன்றாவது முறையாகத் தொலைத்துவிட்டு வந்திருந்தாள். கரன்ட் பில்லுக்காக மாதாமாதம் வீட்டையே தலைகீழாக்குகிறவளுக்கு இது ஒன்றும் புதிதில்லை.

எட்டு மாதத்துக்கு முன்னால், வாய்க்கால் மேலிருந்த நடைபாலத்தில் அவள் கணவர் கால் வைத்த இரும்புத் தகடு அப்படியே கவிழ்ந்தது. போல்ட் துருப்பிடித்து உதிர்ந்திருந்தது. காலையில் வேலைக்குக் கிளம்பிய மனிதர் வீடு திரும்பவில்லை. அவள் நகராட்சி மீது வழக்குப் போட்டாள். 'எங்களுக்கு எந்தப் புகாரும் வரவில்லை, வந்திருந்தால் சரிசெய்திருப்போம்' என்று நகராட்சி ஒரே பாட்டைப் பாடிக்கொண்டிருந்தது. பாலத்துக்குக் குறுக்கே ஒரு கயிறு கட்டியதுதான் இன்றுவரை அவர்கள் செய்த வேலை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் அந்தக் கயிற்றுக்கு அடியில் குனிந்து போய்க்கொண்டுதான் இருந்தார்கள்.

"உங்க வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். எங்க ஒரு போல்ட் ஆடினாலும் அவர் கண்ணுல பட்டுடும்னு தெருவே சொல்லுது. பாலத்தைப் பத்தி ஒரு வரிகூடவா எழுதியிருக்க மாட்டாரு?"

"எழுதினாரும்மா," என்றாள். "நாலு தடவை எழுதினாரு."

வக்கீல் நாற்காலியில் நிமிர்ந்தாள். "அட! இதை ஏன்க்கா இத்தனை நாளா சொல்லல?"

"நான் தபால்ல போடல."

பையைக் கவிழ்த்தாள். மேஜை மேல் ஏழு கவர்கள் விழுந்தன. ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை.

தெருவில் அவருக்கு 'மனு மாமா' என்று பெயர். விளக்கு எரியாவிட்டால் மனு, குழாய் ஒழுகினால் மனு. ஒரு தடவை பக்கத்து வீட்டார் சாக்கடை மேல் படி கட்டியதற்கு அவர் மனு எழுத, ஆட்கள் வந்து படியை இடித்துவிட்டுப் போனார்கள். பக்கத்து வீட்டுக்காரி இரண்டு வருஷம் இவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. தைக்கக் கொடுத்திருந்த துணியைக்கூடத் திருப்பி வாங்கிக்கொண்டாள். அதற்குப் பிறகு அவர் கவரை ஒட்டி, "தபால்ல சேர்த்துடு" என்று நீட்டினால் இவள் நல்ல பிள்ளையாக வாங்கிக்கொள்வாள். கவர் நேராகத் தையல் மிஷின் டிராயருக்குப் போய், நூல்கண்டுகளுக்கு அடியில் படுத்துவிடும். மாதம் ஒரு முறை மிஷினுக்கு எண்ணெய் விடுகிறவர் அவர்தான். நல்லவேளை, மனுஷன் டிராயர் பக்கம் திரும்புவதில்லை என்று நினைத்துக்கொள்வாள்.

"கடைசி நாலும் பாலத்தைப் பத்தினது. 'பாலத்து மனு, முக்கியமான தபால், பார்த்துக்க'ன்னு சொல்லித்தான் கொடுத்தாரு. அப்பல்லாம் ஸ்டாம்ப் ஒட்டறதைக்கூட நிறுத்திட்டாரு. 'நீயே வாங்கி ஒட்டிக்க'ன்னுடுவாரு. கஞ்சம்னு நான் மனசுக்குள்ள திட்டினேன்." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "ஒரு கவரைப் போட்டிருந்தாலும் அவர் இருந்திருப்பாரும்மா. அவரைப் பாலமா கொன்னுச்சு? நான்தான் கொன்னேன்."

வக்கீல் கவர்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "இது வெளியில வந்தா கேஸ் நிக்காதுக்கா."

"தெரியும். ஆனா கூண்டுல ஏத்திக் கேட்டா எனக்குப் பொய் சொல்ல வராது. அதான் முதல்ல உங்ககிட்ட கொட்டிட்டேன். நான் எக்கேடு கெட்டாலும் பரவாயில்ல. அந்தப் பிள்ளைங்க இன்னும் அதே பாலத்துலதான் போகுதுங்க. கேஸ் தோத்தா அதை யாரும்மா சரி பண்ணுவாங்க?"

"உள்ள என்ன எழுதியிருக்காருன்னு பிரிச்சுப் பார்த்தீங்களா?"

"அவர் கையெழுத்தைப் பார்க்கவே மனசு வரல. எங்க பிரிக்கறது?"

வக்கீல் ஒரு கவரைக் கிழித்தாள். அது ஸ்டாம்ப் ஒட்டிய பழைய கவர், தெருவிளக்கு பற்றிய மனு. அதை ஓரமாக வைத்துவிட்டு, ஸ்டாம்ப் இல்லாத ஒன்றைக் கிழித்தாள். படித்தாள். தாளின் கீழ் மூலைக்கு வந்ததும் அவள் கண் அங்கேயே நின்றது. மளமளவென்று மற்ற மூன்றையும் கிழித்தாள்.

"அக்கா, இது அனுப்பற மனு இல்ல. நகல்! இங்க பாருங்க, நகராட்சி முத்திரை. 'பெற்றுக்கொள்ளப்பட்டது'ன்னு தேதி போட்டுக் கையெழுத்து. நாலு தடவையும் அவரே நேர்ல போய்க் கொடுத்து வாங்கியிருக்காரு. நாளைக்கு நீங்க தைரியமா கூண்டுல ஏறலாம்!"

தையல்காரிக்கு ஒன்றும் புரியவில்லை. ஊதா நிற முத்திரையை விரலால் தடவிப் பார்த்தாள். எட்டு மாதமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் இறங்குவதா வேண்டாமா என்று தயங்கியது.

"நேர்ல கொடுத்தவரு, அப்புறம் எங்கிட்ட எதுக்குத் தபால்னு கொடுத்தாரு?"

கடைசிக் கவரிலிருந்து விழுந்த ஒரு துண்டுச் சீட்டை வக்கீல் சிரித்துக்கொண்டே அவளிடம் நீட்டினாள். கணவரின் சாய்ந்த கையெழுத்து.

'பத்திரமாக வை என்று கொடுத்தால் நீ தொலைத்துவிடுவாய். தபாலில் போடு என்று கொடுத்தால்தான் பத்திரமாக வைப்பாய் என்பது, மிஷினுக்கு எண்ணெய் விட்ட அன்றைக்கே எனக்குத் தெரிந்துபோயிற்று.'