டெலு திருந்தக் கூடாது

"ஹாஜியா, உங்க கால்ல விழறேன். அந்த டெலு கெழவி மட்டும் திருந்தவே கூடாது."

போனில் ஒரு பெண் குரல். சுவைராவுக்கு எரிச்சலாக வந்தது. புத்தகத்தின் பின்னட்டையில் போன் நம்பர் போடுவது நைஜீரியாவின் கானோ நகரத்தில் கதை எழுதுகிற பெண்கள் எல்லாருக்கும் வழக்கம்தான். அதற்காக அடுப்பில் குழம்பு கொதிக்கிற நேரம் பார்த்தா கூப்பிடுவார்கள்?

"யாரும்மா நீ?"

"லாரை. உங்க மாமியார் கதை ரெண்டு பாகமும் படிச்சிட்டேன்."

"மூணாம் பாகமும் எழுதியாச்சு. நாளைக்கு மத்தியானம் அச்சகத்துக்காரர் வந்து வாங்கிட்டுப் போறார். அதுல டெலு திருந்தறா. மருமக கையப் பிடிச்சிக்கிட்டு ஒன்பது பக்கம் அழறா. எழுதும்போது நானே அழுதுட்டேன்."

"நல்லா அழுங்க ஹாஜியா, வேணாங்கல. அவள மட்டும் திருத்திடாதீங்க. என் பொழப்பு போயிடும்."

சுவைரா அடுப்பைத் தணித்தாள். இது குழம்பைவிட முக்கியம் போலிருக்கிறது.

"எங்க அத்தைக்குப் படிக்கத் தெரியாது," என்றாள் லாரை. "சாயங்காலத் தொழுகை முடிஞ்சதும் நான்தான் உங்க கதைய வாசிச்சுக் காட்டறேன். டெலு மருமகளுக்கு வைக்காம கறிய ஒளிச்சுத் தின்னா இல்ல? அதை வாசிச்ச மறுநாளே எங்க அத்தை என் தட்டுல ரெண்டு துண்டு போட்டாங்க. டெலு மருமகளக் கம்பு இடிக்க விட்டா. எங்க வீட்டுக் கம்பு இப்ப மில்லுக்குப் போகுது."

சுவைராவுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. பதினாலு வருஷமாக எழுதுகிறாள். 'வேலையில்லாத பொம்பளைங்களுக்கு வேலையில்லாத பொம்பள எழுதறது' என்று சொந்த அண்ணனே சொல்லியிருக்கிறான். அவனைக் கூப்பிட்டுவைத்து இந்தப் பெண்ணை இன்னொரு தடவை சொல்லச் சொல்ல வேண்டும் போலிருந்தது.

"என் எழுத்துக்கு அவ்வளவு சக்தியா?"

"பின்னே? டெலு திருந்திட்டா, கதைதான் முடிஞ்சுதேன்னு எங்க அத்தை பழையபடி ஆயிடுவாங்க. இன்னும் நாலு பாகம் எழுதுங்க ஹாஜியா. இப்பத்தான் புது மெத்தை வாங்கித் தரேன்னு சொல்லியிருக்காங்க."

"அப்ப என் ஒன்பது பக்கம்?"

"அதை வேற கதையில யாருக்காவது குடுத்துடுங்க."

ஒரு மெத்தைக்காக ஒன்பது பக்கத்தை வெட்டுவதா? சுவைரா அதை எடுத்து மறுபடி படித்தாள். மறுபடி அழுகை வந்தது. மாட்டேன் என்று முடிவுசெய்தாள்.

மறுநாள் காலை வாசலில் சலாம் சொல்லிக்கொண்டு ஓர் அம்மாள் வந்தாள். நல்ல வாட்டசாட்டம். கேட்காமலே பாயில் உட்கார்ந்தாள்.

"நான் லாரையோட மாமியா. நேத்து அவ உங்கிட்டப் பேசினப்ப சுவத்துக்கு அந்தாண்ட நான்தான் இருந்தேன்."

தொலைந்தோம் என்று நினைத்துக்கொண்டு சுவைரா, விருந்தாளிகளுக்கு மெல்லக் கொடுக்கிற கோலாக்கொட்டைத் தட்டை அவசரமாக நகர்த்தி வைத்தாள்.

"சின்னப் பொண்ணும்மா. ஏதோ விளையாட்டா..."

"டெலுவத் திருத்தப் போறியாமே?"

"திருத்திட்டேன். ஒன்பது பக்கம். உங்களுக்கு ரொம்பப் பிடிக்கும்."

"கிழிச்சுப் போடு."

சுவைரா வாயைத் திறப்பதற்குள் அந்த அம்மாள் இடுப்புத் துணி மடிப்பிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தாள். சுவைராவின் இரண்டாம் பாகம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தங்குதடையில்லாமல் வாசித்தாள்.

"'டெலு கறியை எல்லாம் தின்றுவிட்டு நிம்மதியாகத் தூங்கினாள்.' நீ எழுதினது இவ்வளவுதானே?"

"உங்களுக்குப் படிக்கத் தெரியாதுன்னு உங்க மருமக..."

"பொம்பளைங்க வகுப்புக்கு நாலு வருஷம் போனேன். வீட்டுல சொல்லிக்கல. அதை விடு. கறியத் தின்னதுக்கு டெலுவுக்கு மூணு பல்லு விழுந்துதாமே, அது எத்தனாவது பக்கம்?"

"பல்லா?"

"கம்பு இடிக்க விட்டதுக்குக் கை வீங்கிப் பூசணிக்கா மாதிரி ஆயிடுச்சாம். மருமகளக் கிழிஞ்ச மெத்தையில படுக்கவிட்டதுக்கு முதுகுல கட்டி. போன வாரம் லாரை வாசிச்சா. நானும் தேடித் தேடிப் பாக்கறேன், அம்புடல."

"நான் அப்படி ஒரு வரிகூட எழுதலம்மா."

"தெரியும். எல்லாம் அவ சொந்தச் சரக்கு. உன்னைவிட நல்லாவே கட்டறா."

சுவைராவின் முகம் தொங்கிப்போயிற்று. நல்லவேளை, அண்ணனைக் கூப்பிடவில்லை.

"பொய்யுன்னு தெரிஞ்சேவா கறி போட்டீங்க? மெத்தையும் வாங்கப் போறீங்களா?"

"வாங்கியாச்சு. சாயங்காலம் வண்டியில வருது." அந்த அம்மாள் புத்தகத்தைத் திரும்ப மடிப்பில் செருகிக்கொண்டாள். "மாமியா முன்னால மருமக தலையக் குனிஞ்சிக்கிட்டுப் பேசாம இருக்கணும். அதுதான் மரியாதைன்னு நம்ம வீடுங்கள்ல வளக்கறோம். அவளும் ரெண்டு வருஷமா அந்த மரியாதையக் கொறைக்கவே இல்ல. இந்தப் புளுகச் சொல்லத்தான் மொதமொதல்ல எங்கிட்ட வாயத் தொறந்தா. நீ பாட்டுக்குக் கதைய முடிச்சுட்டா, நாளையிலேருந்து எங்கிட்ட யாரு தாயி பேசுவா?"