கட்டாமல் விட்ட இடம்

கேட்டைத் திறந்துகொண்டு ரகுபதி வருவதைப் பலா மரத்தடியில் நின்றபடியே அவள் பார்த்தாள்.

கல்யாணம் ஆகி இத்தனை காலத்தில், அந்த ஒரு நாளுக்குப் பிறகு, அவள் கணவன் இந்த மலை ஏறியதே இல்லை.

வரட்டும். வந்து பார்க்கட்டும்.

கீழே, பள்ளத்தாக்கைப் பார்த்தபடி ஆறு கேபின்கள். கறுப்புத் தகரக் கூரை. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. கட்டிலில் படுத்தபடியே மேகம் பார்க்கலாம். எல்லாம் அவள் பிளான் வரைந்து கட்டியவை. நாளைக்கு முதல் ஆட்கள் வந்து தங்கப் போகிறார்கள். ஒரு ராத்திரிக்கான வாடகையைக் கேட்டால் நமக்குத் தூக்கம் வராது. கொடுப்பவர்களுக்கு நன்றாக வருமாம்.

ஆறும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. மேலே பலா மரத்தைச் சுற்றி மட்டும் ஒரு செங்கல் கூட இல்லை.

“மேடம், இங்கொரு நீச்சல் குளம் போட்டா எடுப்பா இருக்குமுங்க” என்று இடத்தை வாங்கிய திருப்பூர்க்காரர் கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டார்.

மண் சரியும் என்றாள். அடியில் பாறை என்றாள். பாறையும் இல்லை, ஒன்றும் இல்லை. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிறவளிடமா வேலையைக் கொடுத்தோம் என்று மனுஷன் நொந்திருப்பார்.

அவரிடம் எப்படிச் சொல்வது?

அவள் பிள்ளை அங்கே இருக்கிறான்.

பிறந்த மறுநாளே போய்விட்டவன். பெயர்கூட வைக்கவில்லை. பச்சைப் பிள்ளையை எரிப்பதில்லை. அப்போது இது அவளுடைய அப்பாவின் காப்பித் தோட்டம். கொட்டுகிற மழையில் அப்பாவும் ரகுபதியும்தான் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பெற்றவள் வரக் கூடாது என்றார்கள். அடையாளம் எதுவும் வைக்கக் கூடாது என்றார்கள்.

எங்கே, எங்கே என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் அரற்றினாள்.

“பலா மரத்தடியில” என்றான் ரகுபதி.

அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்து உட்கார்ந்தாள்.

அப்பா போய்ச் சேர்ந்ததும் அண்ணன்மார் தோட்டத்தை விற்றார்கள். வாங்கியவர் கேபின் கட்டப்போகிறார் என்று காதில் விழுந்ததும், அவளே தேடிப் போய் வேலையைக் கேட்டு வாங்கினாள். வேறு யார் வரைந்தாலும் முதல் குழியை அங்கேதான் வெட்டுவார்கள்.

ரகுபதியிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. அந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவான். பாவம், தாங்க மாட்டான் என்று அவளாகவே ஒரு சமாதானம் வைத்திருந்தாள். பார்த்தால் புரிந்துகொள்வான். எதுவும் பேச வேண்டாம். பக்கத்தில் வந்து கொஞ்ச நேரம் நின்றால் போதும்.

அவன் ஒவ்வொரு கேபினாக எட்டிப் பார்த்தான். கண்ணாடியைத் தட்டிப் பார்த்தான். பிறகு மூச்சு வாங்க மேலே ஏறி வந்தான்.

பலா மரத்து நிழலில் நின்றான்.

சுற்றிலும் பார்த்தான்.

அவள் ஓரடி நகர்ந்து, பக்கத்தில் அவனுக்கு இடம் விட்டாள்.

“இருக்கறதுலயே நல்ல எடம் இதுதானே” என்றான். “இத எதுக்கு சும்மா விட்டுட்ட?”

அவன் முகத்தையே பார்த்தாள். அதில் ஒளிவு மறைவு எதுவும் இல்லை. தெரியாமல்தான் கேட்கிறான்.

அன்றைக்கு அவள் அழுகையை நிறுத்த, வாயில் வந்த மரத்தைச் சொல்லியிருக்கிறான். சொன்னதையும் மறந்துவிட்டான்.

அப்படியானால் எங்கே?

கேட்டாலும் இன்னொரு மரத்தைச் சொல்வான். அவனுக்கே தெரியுமோ என்னவோ. தெரிந்த இன்னொருவர் அப்பா. அவரும் இல்லை.

கீழே பார்த்தாள். ஆறு கேபின்கள். சரளை கொட்டிய பாதை. கார் நிறுத்தும் இடம். கழிவுத் தொட்டி. எதற்கு எங்கே தோண்ட வேண்டும் என்று சுண்ணாம்புக் கோடு போட்டுக் கொடுத்தவள் அவள்தான்.



“பசிக்குது. வா, போலாம்.”

அவன் பாட்டுக்கு இறங்கிப் போய்க்கொண்டிருந்தான்.

எங்கே கால் வைத்து இறங்குவதென்று அவளுக்குத் தெரியவில்லை.