நாலு விரல் மடிப்பு

செல்வி கத்தரியை எடுத்தாள். ஆணியில் என்னுடைய கடைசி பேண்ட் தொங்கிக்கொண்டிருந்தது.

மற்றவை எல்லாம் ஏற்கெனவே போய்விட்டன.

மழை பிடித்ததிலிருந்து தாராவியில் எந்தத் துணியும் காய்வதில்லை. மகள் ஹரிதாவுக்கு மூன்று வயது. நனைப்பதற்குக் கணக்கே கிடையாது. என் பேண்ட்கள் ஒவ்வொன்றாக அவளுக்கு டவுசர்களாக மாறின.

பெரியவர்கள் பேண்டில் முழங்காலுக்குக் கீழேதான் துணி தேயாமல் இருக்கும். செல்வி அங்கேதான் வெட்டுவாள். இரண்டு கால் துண்டுகளையும் மேல்பக்கம் கொஞ்சம் பிரித்து, ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்து, இடுப்புக்கு எலாஸ்டிக் கோத்தால் டவுசர் தயார். பேண்டின் மேல் பாதி கந்தல் மூட்டைக்குப் போகும்.

பிள்ளைத் துணி என்றால் விளிம்பில் நாலு விரல் அகலத்துக்குத் துணியை உள்ளே மடித்து வைத்துத் தைப்பாள். வளர வளரப் பிரித்துவிட்டுக்கொள்ளலாம்.

கடைசி பேண்ட் கறுப்பு. தீபாவளிக்கு எடுத்தது. ஒரே ஒரு முறை போட்டேன். வாட்ச்மேன் வேலை போனபிறகு லுங்கியோடுதான் கிடக்கிறேன். அந்த பேண்ட் ஆணியில் தொங்கும்வரை நான் மறுபடி வேலைக்குப் போவேன் என்று வீட்டில் ஒரு பேச்சு இருந்தது.

"அத மட்டும் விட்டுரு, செல்வி."

"ஒங்க மவ அம்மணமா நிக்கா. நீங்க பேண்டுக்குக் காவல் இருக்கீய. வாட்ச்மேன் புத்தி போவுதா பாரு."

எதிர் வாசலிலிருந்து ஷைஸ்தா எட்டிப் பார்த்தாள். "க்யா பாபி, ஒன் வூட்டுக்காரரு பேண்ட் எல்லாம் கதம், தீந்துச்சா? இனிமே லுங்கிய வெட்டு."

செல்வி சிரித்தாள். சிரித்துக்கொண்டே பேண்டை இறக்கினாள்.

ஆணி எனக்கு எட்டும் தூரத்தில் இல்லை.

சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கத்தரி கனத்த துணியில் ஓடும் சத்தம் கேட்டது. பிறகு தையல் மெஷின். டவுசர் முடிந்திருக்கும், மெஷின் நின்றது.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஓடியது.

திரும்பிப் பார்த்தேன். ஹரிதா கறுப்பு டவுசரில் குதித்துக்கொண்டிருந்தாள். நாலு விரல் மடிப்பு அவள் தொடையில் தடித்துத் தெரிந்தது.

மேல் பாதி கந்தல் மூட்டைக்குப் போகவில்லை. செல்வி கையில் இருந்தது. வெட்டிய இடத்தில் இரண்டு பக்கமும் விளிம்பு தைத்திருந்தாள்.

"போட்டுப் பாருங்க."

என் அக்குளில் கைகொடுத்துத் தூக்கிச் சுவரில் சாய்த்து உட்காரவைத்தாள். லுங்கியை அவிழ்த்துவிட்டு, பேண்டைக் கீழிருந்து மேலே இழுத்துவிட்டாள். பித்தானையும் அவளே போட்டாள். இப்போது அவள் சிரிக்கவில்லை.

அளவு கச்சிதம். மாஹிம் ஸ்டேஷனில் ரயில் என் கால்களை விட்டுவைத்த இடத்தோடு துணியும் முடிந்தது.

விளிம்பைத் திருப்பிப் பார்த்தேன்.

உள்ளே மடிப்பு விடவில்லை.